கோயில் கடிகாரத்தில் ஒரு பச்சைத் துண்டு

எங்கள் ஹாம் ரேடியோ வட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். வீட்டிலிருந்தபடியே செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிப்பது எப்படி, என்ன ஆன்டெனா, என்ன மென்பொருள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதையெல்லாம் யூடியூபில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறவர்கள் ஏராளம். நான் எழுதப்போவது வேறு. சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்ட காதும், ஓய்வுக்குப் பிறகு சம்பளமில்லாமல் கேட்கிற காதும் எனக்கு ஒன்றுதான். அந்தக் காதுக்காக எங்கள் ஊரே ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு நின்றது. தற்பெருமை என்று தோன்றினால் தோன்றட்டும், ஓய்வூதியக்காரனுக்கு அதற்குக்கூட உரிமை இல்லையா?

நான் கடலோர வயர்லெஸ் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவன். சொந்த ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், கடற்காற்றுகூட எட்டாத ஊர். வேலைக்குப் போகும்வரை நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, கட்டுமாவடிக்கு மீன் வாங்கப் போன மாமாவோடு. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மோர்ஸ் தந்தி தட்டினேன், விரல் வீங்கியது, தேறினேன். உண்மையான பயிற்சி, கோமதிநாயகம் சார் பொறுப்பில் இருந்த நிலையத்துக்கு நான் மாற்றலாகிப் போன பிறகுதான் ஆரம்பித்தது.

வயர்லெஸ் அறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் முகத்தில் கேக் வெட்டினாற்போலச் சில துண்டுகளுக்கு வண்ணம் பூசியிருப்பார்கள். பச்சைத் துண்டு இரண்டு. ஒன்று முழு மணியில் தொடங்கும், இன்னொன்று அரை மணியில். முள் அந்தப் பச்சைக்குள் இருக்கிற மூன்று நிமிடமும் கடலில் யாரும் ஆபத்துக் குரலுக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் பேசக்கூடாது. கப்பலும் பேசாது, கரையும் பேசாது. மூழ்கிக்கொண்டிருப்பவன் எவனாவது ஈனசுரத்தில் கூப்பிட்டால் கேட்க வேண்டும், அதற்காகத்தான். அதற்கு மௌன நேரம் என்று பெயர்.

மற்ற நிலையங்களில் மௌன நேரம் என்றால் ஆபரேட்டர் மைக்கைத் தொடமாட்டார், அவ்வளவுதான். நாளிதழைப் புரட்டுவார், பீடியைப் பற்றவைக்க வெளியே போவார். கோமதிநாயகம் சாரிடம் அது நடக்காது. முள் பச்சையைத் தொடுவதற்கு முன்பே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். மின்விசிறியை நிறுத்துவார். டீ டம்ளரை மேசையில் வைத்தால் சத்தம் வரும் என்று, மடித்த துண்டின்மேல் வைப்பார். பிறகு ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். பார்க்கிறவர்கள் சாமி கும்பிடுகிறார் என்று நினைப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவர், சாமியும் கும்பிடுவார், ஆனால் அதில்கூட இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

அவர் சத்தம் போட்டு ஒரு நாளும் திட்டியதில்லை. அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. "காதுல விழுந்ததை எழுதுங்க. விழாததுக்குப் புள்ளி வைங்க" என்பார். அவ்வளவுதான். எனக்கோ அப்போது முன்கோபம். பாதி கேட்டாலே மீதியை ஊகித்து எழுதிவிடுகிற சாமர்த்தியம் எனக்கு உண்டு என்ற திமிரும் உண்டு. அந்தத் திமிர் ஒரு மழைக்காலப் பிற்பகலில் இறங்கியது.

புயல் சின்னம் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அரை மணிப் பச்சைக்குள் முள் இருந்தபோது ஒரு குரல் வந்தது. இரைச்சலுக்கு அடியில், தலையணைக்குள் முகம் புதைத்துப் பேசுகிற மாதிரி. விசைப்படகு, நான்கு பேர், தண்ணீர் ஏறுகிறது, கலங்கரை விளக்கத்துக்கு வடகிழக்கே, பிறகு ஒரு எண், பிறகு மைல். அந்த எண் மட்டும் இரைச்சலில் போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த சக ஆபரேட்டர் அந்தோணி உடனே "பத்து மைல்" என்று எழுதினார். நானும் தலையாட்டினேன்.

சார் அந்தத் தாளைப் பார்த்தார். "பத்துன்னு காதுல விழுந்துச்சா?"

"அந்தப் பக்கம் படகெல்லாம் பத்து மைலுக்குள்ளதான் சார் நிக்கும்" என்றார் அந்தோணி.

"நான் அதைக் கேக்கலை. விழுந்துச்சா?"

அந்தோணி இல்லையென்று தலையை அசைத்தார். சார் என்னைப் பார்த்தார். நானும் அசைத்தேன்.

"அப்ப புள்ளி வைங்க."

மீட்புப் படகை வடகிழக்கே கிளம்பச் சொல்லிவிட்டார், தூரம் மட்டும் சொல்லவில்லை. பிறகு மைக்கை எடுத்து, கேட்கிற தூரத்திலிருந்த கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஆபத்து மௌனம் அறிவித்தார். மூன்று நிமிடம் என்ற கணக்கு அதற்குக் கிடையாது, அவர் விடுவிக்கும்வரை கடல் வாயைத் திறக்கக்கூடாது. ஒரு பெரிய சரக்குக் கப்பலின் ஆள் மட்டும் துறைமுகத்தில் இடம் கிடைக்குமா என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். சார் அவனிடம், "நாலு பேர் பேசணும், கொஞ்சம் வழி விடுங்க" என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னார். அவனும் அடங்கினான். அத்தனை கப்பலும் வாயை மூடிக்கொண்ட அந்தக் கடலை நான் கேட்டேன். காதில் விழுந்தது வெறும் மழை மின்னலின் படபடப்புதான்.

குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை எண் தெளிவாக விழுந்தது. அந்தோணி எழுதியதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு தூரம். பத்து மைல் என்று சொல்லியிருந்தால், மீட்புப் படகு வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். நான்கு பேரும் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கிடைத்தார்கள். மறுவாரம் ஒரு கூடை மீனோடு நிலையத்துக்கு வந்தார்கள். சார் சைவம் என்பதால் கூடை எங்களுக்கு வந்து சேர்ந்தது. வாழ்நாளில் அவ்வளவு ருசியான வஞ்சிரம் நான் சாப்பிட்டதில்லை.

அன்றிலிருந்து நானும் புள்ளி வைக்கிறவன் ஆனேன்.

ஓய்வு பெற்று, நிலையத்தின் பழைய பச்சைத் துண்டுக் கடிகாரம் ஒன்றோடு ஊருக்கு வந்ததும், சும்மா இருக்க முடியாமல் ஹாம் உரிமம் எடுத்தேன். அதாவது பொழுதுபோக்குக்காக வயர்லெஸ் வைத்துக்கொள்ள அரசாங்கம் தருகிற அனுமதி. முதலில் இன்ச் டேப்பை வெட்டி பிவிசி குழாயில் கட்டி ஓர் ஆன்டெனா செய்தேன். லேப்டாப்பில் டிவி பார்ப்பதற்காக விற்கிற விரல் நீளக் கருவி ஒன்றைச் செருகினேன். விண்வெளி நிலையத்திலிருந்து அவ்வப்போது படம் அனுப்புவார்கள், ஒலியாக வந்து திரையில் வரிவரியாகப் படமாக இறங்கும். முதல் படம் இறங்கிய அன்று என் மனைவி வள்ளிக்கண்ணு அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடியில் நின்றாள். பால் பொங்கி வழிந்தது. "போனாப் போகுது, பாலு நாளைக்கும் வரும்" என்றாள். எனக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு மாடியில் பெரிய ஆன்டெனா வைத்தோம். இரண்டு ஆள் நீளக் குழாய், குறுக்கே அலுமினியக் கம்பிகள், நடுவில் பழைய சைக்கிள் ரிம். ரிம்மைத் திருப்பினால் ஆன்டெனா திரும்பும், நெம்பினால் நிமிரும். ரிம் வள்ளிக்கண்ணு கையில், லேப்டாப் என் மடியில். செயற்கைக்கோள் தலைக்குமேல் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் மறைவதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் அவளை விரட்டுவதும் அவள் என்னைத் திட்டுவதும் தெருவுக்கே கேட்கும். துணி உலர்த்தும் கொடி போயிற்று, வடகம் காயப்போடும் இடமும் போயிற்று. அதற்கும் சேர்த்துத்தான் திட்டு.

எங்கள் ஊரில் 'ரேடியோ செட்' என்றால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டுகிற பாஸ்கரின் கடைதான். நான் ரேடியோ வைத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டுச் சிலர் என்னிடம் வாடகை விசாரித்தார்கள். பாஸ்கருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

இனி ஊர் விளக்கை அணைத்த கதைக்கு வருகிறேன்.

ஓர் எஞ்சினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்து மேலே அனுப்பியிருந்தார்கள். அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட விரிவுரையாளர் ஆனந்தி, எங்கள் ஹாம் குழுவில் உதவி கேட்டு எழுதியிருந்தார். போனில் பேசியபோது, தான் கட்டுமாவடிப் பெண் என்றார்.

"சார், ஆன்டெனாவச் சுருட்டித் தூண்டில் நரம்பு போட்டுக் கட்டியிருக்கோம். நரம்புகூட எங்க ஊர்லேருந்துதான் வாங்கிட்டுப் போனேன். மேல போனதும் சின்ன ஹீட்டர் சூடாகி நரம்ப அறுக்கணும். அறுக்கலைன்னு நெனக்கிறோம். குரலு ரொம்ப மெல்லிசா வருது."

"மறுபடி சூடாக்கச் சொல்லிக் கட்டளை அனுப்புறதுதானேம்மா?"

"அங்கதான் சார் பயம். பேட்டரில தெம்பு இருந்தா அறுத்துரும். தெம்பில்லாம இருக்குறப்ப ஹீட்டரப் போட்டா இருக்குறதும் போயி மொத்தமாச் செத்துரும். பேட்டரி எப்படி இருக்குன்னு அதுவே சொல்லணும். ஒரே ஒரு முழுப் பாக்கெட் கெடச்சாப் போதும் சார்."

பாக்கெட் என்பது அந்தப் பெட்டி தன் உடல்நிலையைச் சொல்லி அனுப்புகிற ஒரு தகவல் துண்டு. பேட்டரி, சூடு, குளிர் எல்லாம் அதில் இருக்கும். காதுக்கு அது எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம், அவ்வளவுதான். என் மோர்ஸ் காது அங்கே செல்லாது, மென்பொருள்தான் பிரித்துப் படிக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினாலும் அது முழுப் பாக்கெட்டையும் தூக்கி எறிந்துவிடும். கோமதிநாயகம் சாரை யாரோ அதற்குள் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று வள்ளிக்கண்ணுவிடம் சொல்லிச் சிரித்தேன்.

கல்லூரி இருந்த நகரத்தில் இரைச்சல் அதிகம். ஆங்காங்கே இருந்த ஹாம்களும் துண்டு துண்டாகத்தான் பிடித்திருந்தார்கள். எங்கள் ஊர் அமைதியான ஊர் என்பதால் அவர்களைவிட எனக்கு நன்றாகக் கேட்டது. காலையில் அந்தப் பெட்டி எங்கள் தலைக்குமேல் வரும்போது பூமியின் நிழலிலிருந்து அப்போதுதான் வெளியே வரும், பசியோடு இருக்கும், வாயே திறக்காது. மாலையில் மேற்கே வெயிலை வயிறு நிறையத் தின்றுவிட்டு வரும், அப்போது பேசும். ஆக எனக்கு மாலைதான் வேண்டும். அதிலும் மறுநாள் மாலை அது நேர் உச்சியில் வருகிறது. அதற்குப் பிறகு பல நாட்களுக்கு அடிவானத்தை ஒட்டியே போய்விடும். அதுவரை பேட்டரி தாங்காது என்றார் ஆனந்தி. பிள்ளைகள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்றார்.

"நாளைக்கு அந்த முழுப் பாக்கெட்டப் பிடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்று மாலையே விழுந்தது இடி.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல், சுற்று ஊர்களெல்லாம் தட்டில் பூ கொண்டுவந்து சொரிகிற விழா. மறுநாள்தான் திருவிழா, ஆனால் விளக்குகளை முதல்நாள் மாலையே போட்டுப் பார்த்தார்கள். போட்ட நொடியில் என் லேப்டாப் திரை முழுவதும் சீப்புப் பல் மாதிரி கோடுகள் எழுந்தன. சிக்னல் இருந்த இடமே தெரியவில்லை. நான் இன்ச் டேப் ஆன்டெனாவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எந்தப் பக்கம் நீட்டினாலும் இரைச்சல். ஊர் எல்லையிலிருந்து கோயில் வாசல்வரை கட்டியிருந்த அத்தனை சீரியல் விளக்கும் ஒன்றுவிடாமல் கத்தின. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கத்தியது வாசலில் நிறுத்தியிருந்த பெரிய எல்.ஈ.டி. அம்மன். விளக்கை ஓடி ஓடி எரியவைக்கிற மலிவான சின்னப் பெட்டிகள்தான் காரணம். நான் அந்த விளக்கு அம்மனை நோக்கி ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு நின்றதை ஊர் பார்த்தது. "வயர்லெஸ்காரரு ஆத்தாவப் பாத்துக் கம்பிய நீட்டுறாரு" என்று பேச்சு எனக்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டது.

பெரிய ஆன்டெனாவைக் கழற்றி வெளியே பொட்டலில் கொண்டுபோய்க் கட்டலாமா என்று யோசித்தேன். கட்டவும் சரிபார்க்கவும் இரண்டு நாளாவது வேண்டும். இருப்பதோ ஒரு பொழுது. வேறு வழியில்லாமல், மறுநாள் காலையில் வள்ளிக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். விழாக் கமிட்டித் தலைவர் ராசு அங்கே இருந்தான். பல வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறான். உறவுமுறையில் எனக்கு மருமகன். பூசாரியும் பாஸ்கரும்கூட இருந்தார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ராசு எழுந்தே நின்றுவிட்டான்.

"என்ன மாமா பேசுறீங்க? பூச்சொரிதல் அன்னைக்கு, அதுவும் வெளக்கு வைக்கிற நேரத்துல, கோயில்ல வெளக்க அமத்தச் சொல்றீங்களா? சுத்துப்பட்டு ஊர்லேருந்து பூத்தட்டு வார நேரம் மாமா அது. நாளைக்கு ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான கேப்பாக?"

நான் கொதித்துவிட்டேன். படிக்கிற பிள்ளைகளின் உழைப்பு, விஞ்ஞானம், அது இது என்று என்னென்னவோ சொல்லிக் கத்தினேன். என் கோபத்தால் ஒரு காரியமும் நடந்ததில்லை, அன்றும் நடக்கவில்லை. வள்ளிக்கண்ணு என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ராசு, கரண்டு வெளக்கத்தான் அமத்தச் சொல்றாக. எண்ணெ வெளக்கு எரியட்டும், அத யாரு வேணாங்கிறா? ஆத்தா கரண்டு வாரதுக்கு முன்னாடியிலேருந்தே இங்ஙனதான இருக்கா?"

ராசு சன்னதிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"காப்புக் கட்டுறப்ப பல்லி சொல்றதுக்கு ஊரே மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்ல? கொட்டு நிக்கிது, பிள்ளைக வாயப் பொத்துறோம். ஒரு பல்லிக்கு நிக்கிற ஊரு, அந்தப் பிள்ளைக செஞ்ச பொட்டிக்குப் பத்து நிமிசம் நிக்காதா?"

எங்கள் ஊர் வழக்கம் அது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன் அம்மன் சன்னதியில் எல்லோரும் அமைதியாக நிற்பார்கள். வலப்பக்கம் பல்லி சத்தமிட்டால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். கொடுக்காவிட்டால் காப்பு இல்லை.

பூசாரி அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எதுக்கு நமக்குள்ள சண்ட? ஆத்தாகிட்டயே உத்தரவு கேட்டுருவோம். சொன்னா அமத்துவோம். சொல்லலைன்னா வயர்லெஸ்காரரு வீட்டுக்குப் போயிரணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? பூசாரி சூடம் காட்டினார். மணியை நிறுத்தினார். எல்லோரும் கைகூப்பி நின்றோம். நான் செருப்பை ஏற்கெனவே வாசலில் விட்டிருந்தேன். பழக்கதோஷத்தில் கண்ணை மூடினேன்.

எத்தனையோ கப்பலுக்கும் படகுக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். ஒரு பல்லிக்காக அப்படித் தீட்டியது அன்றுதான். அந்தக் கருவறையில் என்னென்ன சத்தம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திரி சுடர்விடுகிற சத்தம், எண்ணெயில் ஈரம் பட்டு வெடிக்கிற சின்னச் சத்தம், வெளியே வேப்பமரத்துக் காற்று. நேரம் போய்க்கொண்டிருந்தது. ராசு ஒருமுறை தொண்டையைச் செருமினான்.

வலப்பக்கத்திலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"சொல்லிருச்சு! ஆத்தா சொல்லிருச்சு!" என்று கத்தினான் பாஸ்கர். என்மேல் அவனுக்கு வருத்தம் இருந்தும் எனக்காகக் கத்தினான், அதை நான் மறக்கமாட்டேன். ராசுவும் தலையை ஆட்டி, "சரி மாமா, உத்தரவு ஆயிருச்சு" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேண்டியது கைக்கு வந்துவிட்டது. ஆனந்தியின் பிள்ளைகள் கண்முன்னே நின்றார்கள். ஆனால் என் காதில் விழுந்தது பல்லி இல்லை.

"ராசு, அது பல்லி இல்லப்பா. கதவோட கீலு. காத்துல ஆடுது" என்றேன்.

வள்ளிக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாஸ்கர் தலையிலடித்துக்கொண்டான். ராசு போய்க் கதவை லேசாக அசைத்தான். அதே 'டிக்'. அவன் என்னைப் பார்த்த பார்வையில் முன்பிருந்த கடுப்பு இல்லை.

"மாமா, ஒங்களுக்குத்தான வேணும்? நீங்களே இல்லைங்கிறீங்களே?"

"வேணும்தான். அதுக்காகக் கேக்காததக் கேட்டதாச் சொல்ல முடியுமாப்பா? ஆத்தா சன்னதியில?"

ராசு கதவை இறுக்கிச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்திலேயே நின்றான். "இன்னுங் கொஞ்ச நேரம் பாப்போம்" என்று பூசாரியிடம் சொன்னான். அப்போது அவனும் எனக்காகத்தான் காத்திருக்கிறான் என்று தோன்றியது. எல்லோரும் மறுபடி கண்ணை மூடினோம்.

உத்தரத்தின் வலது மூலையிலிருந்து, சந்தேகத்துக்கே இடமில்லாமல், தெளிவாக, தொடர்ந்து மூன்று தடவை பல்லி சொன்னது. எனக்கு மட்டுமா கேட்டது? வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கே கேட்டது. வள்ளிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைத்துக்கொள்ளவில்லை, ஆனால் துடைக்க வேண்டிய நிலையில்தான் இருந்தேன்.

மாலையில் பூத்தட்டுகள் வரத் தொடங்கின. தட்டுகளை ஏற்றி வரும் டிராக்டர்களின் அலங்கார விளக்கையும் அணைக்க வேண்டும் என்று ராசு எல்லைக்கே ஆள் அனுப்பியிருந்தான். பாஸ்கர் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றான். நான் மாடியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வள்ளிக்கண்ணு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரிம்மைப் பிடித்தாள். போனில் ஆனந்தி இருந்தார், அவர் கல்லூரியில் கட்டளை அனுப்பும் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

நான் கைப்பிடிச் சுவரிலிருந்து துண்டை வீசிச் சைகை காட்டினேன். ஊர் அணைந்தது.

பொழுது சாய்ந்து வானம் மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. கீழே கோயிலில் எண்ணெய் விளக்குகள் மட்டும் எரிந்தன. திரையில் சீப்புப் பற்கள் உதிர்ந்துபோய், நல்ல கறுப்பாக வெற்றிடம் தெரிந்தது. மேளத்தை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. மேளத்துக்கும் ரேடியோ அலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் மேளத்தையும் நிறுத்திவிட்டார்கள். பைக்கை நிறுத்தினார்கள். எங்கோ அழுத குழந்தையை யாரோ "சூ, கேக்குறாருல்ல" என்று அடக்கினார்கள். பல்லிக்கு நிற்கிற மாதிரியே ஊர் நின்றது.

பெட்டி மேற்கே எழ, மெல்லிய கோடு ஒன்று திரையில் இறங்கியது.

"வந்துருச்சு. மேற்க பிடி. நிமித்து. மெல்ல, மெல்ல."

"மெல்லத்தான் திருப்புறேன், கத்தாதீக. ஊரே கேக்குது."

கடுகு பொரிந்தது. மென்பொருள் முதல் பாக்கெட்டைத் தூக்கி எறிந்தது. இரண்டாவதையும் எறிந்தது. போனில் ஆனந்தியின் மூச்சு கேட்டது. "சார், பாதி பாக்கெட்ல பேட்டரி நம்பர் மாதிரி எதாச்சும் தெரியுதா? அதவச்சு அனுப்பிரவா?" என்றார்.

"இல்லம்மா. முழுசா வரட்டும்."

பெட்டி உச்சிக்கு ஏறியது. வள்ளிக்கண்ணு அண்ணாந்து, ரிம்மோடு சேர்ந்து தானும் வளைந்து நின்றாள். அடுத்த பாக்கெட் வந்தது. மென்பொருள் எறியவில்லை. பச்சை எழுத்தில் வரிவரியாக விரிந்தது. நான் பேட்டரி வரியைப் படித்தேன். இணையத்தில் அதே நொடியில் ஆனந்திக்கும் அது போய்ச் சேர்ந்தது.

"தெம்பா இருக்கு சார்! நல்ல தெம்பா இருக்கு! அனுப்புறேன்!"

பிறகு ஒன்றும் இல்லை. கோடு அப்படியே மெல்லிசாக இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டி கிழக்கே சரிய ஆரம்பித்தது. அங்கே உயரத்தில், கட்டுமாவடி நரம்பு ஒன்று சூட்டில் இளகிக்கொண்டிருக்க வேண்டும். நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளிக்கண்ணு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடு சட்டென்று தடித்தது. நூல் இருந்த இடத்தில் கயிறு. ஸ்பீக்கரில் சத்தம் பெருகி வள்ளிக்கண்ணுவே காதைப் பொத்தினாள். போனில் ஒரே கூச்சல், அழுகை, கைதட்டல். "அறுந்துருச்சு சார், நரம்பு அறுந்துருச்சு!" என்று ஆனந்தி திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் கைப்பிடிச் சுவருக்கு ஓடினேன். கீழே இருட்டில் பூத்தட்டோடு நின்ற முகங்கள் எல்லாம் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பேசிருச்சு!" என்று கத்தினேன்.

முதலில் ஒரு பெண் குலவையிட்டாள். அடுத்து எல்லாப் பெண்களும். மேளம் வெடித்தது. பாஸ்கர் ஸ்விட்சைப் போட, ஊர் மொத்தமும் ஒரே அடியில் பற்றிக்கொண்டது. அன்று பாஸ்கர் அம்மன் பாட்டுக்கு முன்னால், நான் பதிவுசெய்து கொடுத்த அந்தக் கடுகு பொரிகிற சத்தத்தைக் குழாயில் போட்டான். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அதையும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, இதை வள்ளிக்கண்ணு படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஆனந்தியின் பெட்டி இப்போது நன்றாகப் பேசுகிறது. கையில் பிடிக்கிற ஆன்டெனாவுக்கே கேட்கிறது, யாரும் எந்த விளக்கையும் அணைக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஆண்டு பூச்சொரிதலுக்குக் கோயிலுக்குப் போனபோது மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். என் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவைத்திருப்பான் போலிருக்கிறது, ராசு அதன் முகத்தில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நேராகப் பச்சை பெயின்ட்டில் ஒரு துண்டு பூசியிருந்தான். செயற்கைக்கோள் தினமும் ஒரே நேரத்தில் வராது, அந்தத் துண்டுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் முள் பச்சையைத் தொட்டது. பாஸ்கர் விளக்கை அணைத்தான், மேளம் நின்றது, பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, ஊரோடு சேர்ந்து நின்று கேட்டேன்.